ஒன்று பத்து முதல் ஒன்று ஐம்பது வரை

மதியம் சாப்பிட்டதும் எனக்குக் கொஞ்சம் கண் அசர வேண்டும், மேடம். நாற்பது நிமிஷம் போதும். அதற்கு மேல் போனால் தலை கனக்கும், குறைந்தால் சாயங்காலம் வரைக்கும் சிடுசிடுவென்று இருப்பேன். இதை என் மனைவி கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். அதைக் கண்டுபிடிக்க இந்த ஆபீஸுக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது என்பதை நினைக்கும்போது அவள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

ரெக்கார்டரை ஆன் செய்துகொள்ளுங்கள். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்திக் கேட்டால் எனக்குக் கோர்வை போய்விடும். என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நானாக வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆபீஸ் பேன்ட்ரியில் எங்கள் சாப்பாட்டைச் சூடு செய்து கொடுத்துக்கொண்டிருந்த அக்காவுக்காகத்தான் வந்திருக்கிறேன். அதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து விசாரிக்க வந்தவர் என்றாலும் இந்நேரம் உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். எங்கள் கம்பெனி நானூறு பல் ஆஸ்பத்திரிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் பார்த்துக் கொடுக்கிறது. யாருக்கு எந்தப் பல், எந்த நாள், எத்தனை மணி, எல்லாம் எங்கள் பன்னிரண்டு சர்வர்களில் இருக்கிறது. பன்னிரண்டும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. ஆனால் ஒன்றின் குணம் இன்னொன்றுக்கு இல்லை. மூன்றாம் நம்பர் சொன்ன பேச்சைக் கேட்கும். ஏழு அழுத்தக்காரன், இரண்டு தடவை சொன்னால்தான் எழுந்திருப்பான். பதினொன்று எழுந்துவிட்டேன் என்று பதில் சொல்லும், ஆனால் எழுந்திருக்காது. அதை நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

இவற்றுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்டவர்களுக்குச் சட்டென்று பதில் சொல்வதற்காக, வந்த விவரத்தையெல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு கேஷ் என்று பெயர். காலையில் அது காலியாக இருக்கும், சர்வரும் துள்ளிக்கொண்டு ஓடும். மதியத்துக்குள் கண்டதையும் அடைத்துவைத்துக்கொண்டு, ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அரை நிமிஷம் எடுக்கும். வைத்தியம் ஒன்றுதான். கேஷைத் துடைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸை, அதாவது அப்பாயின்ட்மென்ட் பார்க்கும் புரோகிராமை, நிறுத்தி, மறுபடியும் எழுப்பிவிட வேண்டும். ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். அந்த நேரம் ஒன்று பத்து.

பன்னிரண்டையும் ஒரே சமயத்தில் நிறுத்தக்கூடாது. ஒன்று படுத்திருக்கும்போது மற்ற பதினொன்றும் சுமையைத் தாங்கிக்கொள்ளும். அது எழுந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் அடுத்ததன் பக்கம் போக வேண்டும். ஒன்றுக்கு மூன்றரை நிமிஷம் என்று வைத்தால் ஒரு சுற்று முடிய நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆகிவிடும். அதைத்தான் ஆபீஸில் ரவுண்ட்ஸ் என்றார்கள். முதல் இரண்டு வருஷம் நான் அதைக் கையால்தான் செய்தேன், மேடம். ஒரு நாள் தவறியதில்லை.

அக்கா என் டிபன் பாக்ஸை ஒரு மணிக்கே சூடு செய்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். பேன்ட்ரியில் மூன்று மைக்ரோவேவ். எழுபது பேருடைய டப்பாக்களும் அவள் கையால்தான் உள்ளே போய் வெளியே வரும். யார் டப்பாவுக்கு எத்தனை நிமிஷம், யாருடையதற்கு மூடியைத் திறந்து வைக்க வேண்டும், யாருக்குக் குழம்பைத் தனியாகச் சூடு செய்தால் பிடிக்கும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். முதலில் உள்ளே போவது என்னுடையது. ரவுண்ட்ஸ் போகிற மனுஷன் என்று அந்தச் சலுகை. ஆனால் நான் ஏழாம் நம்பரோடு மல்லுக்கட்டி முடித்துவிட்டு வருவதற்குள் அது ஆறிப்போயிருக்கும். அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு மறுபடியும் எடுத்துக்கொண்டு போவாள்.

"இப்படி ஆறினதையே சாப்பிட்டா உடம்பு என்னத்துக்கு ஆகும் தம்பி? அந்த மிஷினுங்களுக்கு இருக்கிற மரியாதை உங்க வயித்துக்கு இல்லையே" என்பாள்.

அந்த வார்த்தை என்னை உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட், கம்ப்யூட்டர் தானாகவே செய்ய வேண்டியதைச் சொல்லும் கட்டளை வரிசை, எழுதினேன். பன்னிரண்டு சர்வர்களின் பெயரும் ஒரு பட்டியலில் இருக்கும். ஒன்று பத்துக்கு அதுவாகவே விழித்துக்கொண்டு, முதல் சர்வருக்குள் போய், கேஷைத் துடைத்து, சர்வீஸை நிறுத்தி எழுப்பி, எழுந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்ததற்குப் போகும். ஏழாம் நம்பரை இரண்டு தடவை எழுப்பும். பதினொன்று சொல்வதை நம்பாமல் தானே ஒரு அப்பாயின்ட்மென்ட் போட்டுப் பார்த்து, அதை ரத்து செய்துவிட்டுத்தான் நகரும். எதிலாவது சிக்கினால் அங்கேயே நின்று என் போனுக்குத் தகவல் அனுப்பும். இரண்டு வருஷம் ஏழு மாசத்தில் ஒரு தகவல்கூட வந்ததில்லை. அதற்குத் தாலாட்டு என்று பெயர் வைத்தேன். ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அது தப்பு என்பீர்கள். ஆனால் ஆபீஸில் ஒரு வேலையைச் சீக்கிரம் முடிப்பவனுக்கு என்ன பரிசு கிடைக்கும் என்று உங்களுக்கும் தெரியும். இன்னொருத்தர் வேலை கிடைக்கும். அதனால் ஒரு மணிக்கே சூடான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, ஒன்று பத்துக்கு வழக்கம்போல 'ரவுண்ட்ஸ் நடக்கிறது' என்ற அட்டையைக் கதவில் மாட்டுவேன். சர்வர்களின் பின்பக்கம் எப்போதும் வெதுவெதுப்பாகக் காற்று வரும். அங்கே, அவை வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்துப் படுத்துவிடுவேன். அந்தச் சத்தம் சிலருக்குத் தலைவலி கொடுக்கும். எனக்கு அதைவிட நல்ல தூக்கம் வேறெங்கும் வந்ததில்லை.

அக்காவுக்கு மட்டும் தெரியும். மூன்றாம் நாளே தெரிந்துகொண்டாள். டப்பாவை எடுக்க வந்தவள், இரண்டு சர்வர் அடுக்குகளுக்கு நடுவில் என் காலைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் பேன்ட்ரி நாற்காலியின் பழைய மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து அட்டைமேல் போட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஒன்று நாற்பத்தெட்டுக்குக் கதவில் இரண்டு தட்டு. "தம்பி, மணியாச்சு." அவ்வளவுதான். முகம் கழுவி, அட்டையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தால் மேனேஜர், "என்னய்யா, களைச்சுப்போய் வர்றே, முகமெல்லாம் வீங்கியிருக்கு" என்பார். ஆமாம் சார் என்பேன். அது பொய் இல்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேனேஜருக்கு அந்த யோசனை வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஆபீஸில் இருப்பது சாப்பாட்டு வேளையில்தான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் ஒன்று பத்துக்கு மீட்டிங். சாப்பிட்டுக்கொண்டே வளர்ச்சி வரைபடம் பார்க்கலாம் என்றார். ரவுண்ட்ஸ் இருக்கிறதே சார் என்றேன்.

"லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்துடுய்யா. தட்டுறதுதானே, இங்க உக்காந்து தட்டு" என்றார்.

மனுஷனை அடித்துப்போட்டதுபோல் இருந்தது. நான்கு நாள் உட்கார்ந்தேன். தாலாட்டு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் வெறும் கீபோர்டைத் தட்டிக்கொண்டு, நீலக் கோடு மேலே போவதையும் சிவப்புக் கோடு கீழே வருவதையும் பார்த்தேன். ஐந்தாம் நாள் மேனேஜர் என்னிடம் ஏதோ கேட்டபோது, "முழிச்சாச்சு சார்" என்று பதில் சொல்லிவிட்டேன். சர்வர் முழித்துக்கொண்டது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எல்லா நாளும் அப்படி அதிர்ஷ்டம் இருக்காது.

ஆறாம் நாள் நான் செய்தது ரொம்பச் சின்ன விஷயம். ஸ்கிரிப்டில் ஒரு வரியின் கடைசியில் ஒரே ஒரு குறியைச் சேர்த்தேன். அந்தக் குறி இருந்தால், ஒன்று முடியட்டும் என்று காத்திருக்காமல் பன்னிரண்டுக்கும் ஒரே நேரத்தில் கட்டளை போகும். பிறகு நிறுத்துவதற்கும் எழுப்புவதற்கும் நடுவில் நாற்பது நிமிஷம் காத்திரு என்று ஒரு வரி. காத்திருக்கச் சொல்வதற்கு எங்கள் தொழிலில் இருக்கும் கட்டளைக்கே தூங்கு என்றுதான் பெயர். அது நான் வைத்தது இல்லை.

அன்று மீட்டிங் தொடங்கியதுமே திரை வெள்ளையாகிவிட்டது. வரைபடமும் அதே சர்வர்களிலிருந்துதான் வருகிறது என்பது மேனேஜருக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் லேப்டாப்பை மூடி எழுந்து, "நான் நேர்ல போய்ப் பார்த்தாதான் சார் ஆகும்" என்றேன். போய்ப் படுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் இப்படியே ஆனதால் மீட்டிங் நின்றுபோனது.

இதை நான் எனக்காக மட்டும் செய்யவில்லை, மேடம். சர்வர் இல்லையென்றால் இந்த ஆபீஸில் ஒருவருக்கும் வேலை இல்லை. எழுபது பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். கணக்குப் பிரிவில் இரண்டு பேர் சதுரங்கம் ஆடக் கற்றுக்கொண்டார்கள். வாடிக்கையாளர் சேவைப் பெண் ஒருத்தி ஸ்வெட்டரில் ஒரு கை முடித்துவிட்டாள். அந்த நாற்பது நிமிஷத்தில் இந்தக் கட்டடத்தில் இருந்த சந்தோஷத்தை எந்த வரைபடத்திலும் போட முடியாது.

வெளியே சில அசௌகரியங்கள் இருந்திருக்கலாம். நானூறு ஆஸ்பத்திரிகளின் வரவேற்பாளர்கள் நாற்பது நிமிஷம் திரையைத் தட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள். திடுதிப்பென்று பன்னிரண்டையும் ஒன்றாகத் துடைத்ததில், கேஷில் மட்டும் இருந்த, இன்னும் நிரந்தரமாகப் பதியாத விவரங்களும் சேர்ந்து துடைபட்டுவிட்டன. முன்பு ஒவ்வொன்றாகச் செய்தபோது, படுப்பதற்கு முன்னால் தன்னிடம் இருப்பதைப் பக்கத்து சர்வரிடம் ஒப்படைத்துவிட்டுப் படுக்கும். இப்போது பக்கத்து சர்வரும் படுத்துவிட்டதால் யாரிடம் கொடுப்பது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் அற்ப விஷயங்கள்தான். நேரம் மாற்றியது, போன் நம்பர் திருத்தியது, எந்தப் பல் என்பது.

பல் நம்பர் காலியாக இருந்தால் எங்கள் மென்பொருள் தானாகவே ஒன்று என்று போட்டுக்கொள்ளும். அதை எழுதியதும் நான் இல்லை.

மேனேஜருக்குக் கீழ்வரிசையில் இடதுபக்கம் ஒரு பல் மூன்று வாரமாக வலித்துக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனி வழியாகவே அப்பாயின்ட்மென்ட் போட்டார். நம் பொருளை நாமே உபயோகிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வரவேற்பாளர் பல் நம்பரைப் பதிந்தது மதியம் ஒன்று ஒன்பதுக்கு. ஒன்று பத்துக்கு அது இல்லை. மறுநாள் காலையில் டாக்டர் திரையைப் பார்த்தார், பல் நம்பர் ஒன்று, அதாவது மேல்வரிசை வலதுபக்கக் கடைசிப் பல், என்று இருந்தது. வாயைப் பார்த்தார், அது ஆரோக்கியமாக இருந்தது. திரையை நம்பினார். மேனேஜருக்கு அதற்குள் வாய் மரத்துப்போயிருந்ததால், அவர் எவ்வளவோ சொல்லியும் ம்ம் ம்ம் என்று மட்டும்தான் கேட்டதாம். வலித்த பல் ஒன்று, கடைசியில் போனது இரண்டு. இதில் என் பங்கு எவ்வளவு, டாக்டரின் பங்கு எவ்வளவு என்பதை நீங்கள்தான் பிரித்து எழுத வேண்டும்.

வீங்கிய கன்னத்தோடு வந்தவர் அன்றே விசாரணைக் குழு போட்டார். ஐந்து பேர். சர்வரைப் பற்றி இந்தக் கட்டடத்தில் என்னைவிட விஷயம் தெரிந்தவர் இல்லை என்பதால் என்னைச் செயலாளராகப் போட்டார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன்.

குழு நல்ல குழு. எல்லோரும் படித்தவர்கள். சர்வர்கள் தினமும் சரியாக ஒன்று பத்துக்கு விழுகின்றன என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். அப்படியானால் இந்தக் கட்டடத்தில் ஒன்று பத்துக்கு வேறு என்ன நடக்கிறது என்று பலகையில் எழுதினார்கள். இரண்டு விஷயம் வந்தது. ஒன்று, என்னுடைய ரவுண்ட்ஸ். இன்னொன்று, மூன்று மைக்ரோவேவும் ஒரே நேரத்தில் ஓடுவது. அவற்றின் அலை சர்வர்களைப் பாதிக்கலாமாம்.

அந்தப் பலகையை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், மேடம். இரண்டு வரிதான் இருந்தது. ஒரு வரியில் நான். இன்னொரு வரியில் ஒரு சமையல் சாதனம். அதற்குக் குடும்பம் இல்லை, கடன் இல்லை, மானம் மரியாதை இல்லை. நான் ஒரு சாதனத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். மனுஷரை இல்லை.

சோதனை செய்து பார்த்துவிடலாமே என்று சொன்னது நான்தான். முறைப்படி ஒன்பது நாள். அக்காவிடம் சொல்லி, சில நாள் மைக்ரோவேவை ஓடவிட்டோம், சில நாள் நிறுத்திவைத்தோம். எந்த நாள் எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம், யாரும் பாரபட்சம் என்று சொல்லிவிடக்கூடாது அல்லவா. அது ஓடிய நாட்களில் தாலாட்டையும் ஓடவிட்டேன். அது நின்ற நாட்களில் தாலாட்டையும் நிறுத்திவைத்துவிட்டு, பழையபடி கையால் ரவுண்ட்ஸ் போனேன். ஐந்து நாள் ஓடியது, ஐந்து நாளும் சர்வர் விழுந்தது. நான்கு நாள் நின்றது, நான்கு நாளும் ஒரு தொந்தரவும் இல்லை. அவ்வளவு சுத்தமான முடிவை அந்த ஐந்து பேரும் தங்கள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஒருவர் கண் கலங்கிவிட்டார்.

அக்காவையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்று பத்துக்கு யார் யார் எங்கே இருப்பார்கள் என்று கேட்டார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லாரும் சாப்பிடுவாங்க சார். அந்தத் தம்பி மட்டுந்தான் உள்ள வேலை பார்த்துக்கிட்டு இருப்பாரு. பாவம், தட்டிக் கூப்பிட்டாக்கூட அவ்வளவு சீக்கிரம் வரமாட்டாரு" என்றாள்.

செயலாளர் என்ற முறையில் அதை நான்தான் எழுதிக்கொண்டேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை.

மறுநாள் மூன்று மைக்ரோவேவையும் துணி போட்டு மூடி, கயிறு கட்டி, வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேனேஜர் வாசலில் நின்று, கன்னத்தைப் பிடித்தபடி, அவை போவதைப் பார்த்தார். அதற்கடுத்த வாரம், சூடு செய்ய ஒன்றும் இல்லாத பேன்ட்ரிக்கு ஆள் எதற்கு என்று மேலிடத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அக்காவின் வேலை போனது.

இது நான் எதிர்பார்க்காதது. ஆனால் எதிர்பார்த்திருக்க முடியாததா என்று கேட்டால், பன்னிரண்டு சர்வர்களில் எதைத் தொட்டால் எது விழும் என்று தெரிந்தவன் நான். சரி, அதை விடுங்கள்.

கிளம்புகிற அன்றைக்கு என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை, அதில் அவளுடைய கரண்டி, டம்ளர், இரண்டு துடைப்புத் துணி. பெரிய பெண்ணுக்கு அடுத்த மாசம் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும், வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். பிறகு கேட்டாள்.

"தம்பி, நீங்க படிச்சவரு, உங்ககிட்ட கேக்குறேன். நான் ஏதாவது பட்டனைத் தப்பா அழுத்திட்டேனா? என் கையாலயா அவருக்குப் பல்லு போச்சு? ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருக்கு."

அப்படியெல்லாம் இல்லை அக்கா, அது அலை சம்பந்தப்பட்ட விஷயம் என்றேன். அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது. போகும்போது கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே அலாரம் வச்சுக்குங்க" என்றாள்.

அன்று நான் வீட்டில் சாப்பிடவில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது, மேடம். அதை நான் மறைக்கப்போவதில்லை. என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல தூங்க விடலையா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மாசம் தாலாட்டைப் பழையபடி ஒவ்வொன்றாகவே ஓடவிட்டேன். மைக்ரோவேவ் போனபின் சர்வர் விழுந்தால் நன்றாக இருக்காது அல்லவா. மீட்டிங் மறுபடியும் தொடங்கியது. எழுபது பேரும் ஆறிய சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீலக் கோட்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆறிய சாப்பாடு, தூக்கமும் இல்லை. எதிலிருந்து தப்பிக்க இத்தனை பாடுபட்டேனோ, அதிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு மாசத்துக்கு மேல் உடம்பு தாங்கவில்லை. அந்தக் குறியை மறுபடியும் சேர்த்தேன்.

குழு திரும்பக் கூடியது. மைக்ரோவேவே இல்லாதபோது எப்படி விழுகிறது என்று கேட்டார்கள். இத்தனை வருஷ அலை பேன்ட்ரிச் சுவரில் ஊறியிருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நான் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். சுவரைச் சுரண்டி இரண்டு பூச்சு பெயின்ட் அடித்தார்கள். அப்போதும் விழுந்தது. அதன் பிறகுதான் வெளியிலிருந்து உங்களைக் கூப்பிட்டார்கள்.

நீங்கள் மூன்று மணி நேரத்தில் ஸ்கிரிப்டைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால் தெரியும் இடத்தில்தான் வைத்திருந்தேன். ஐந்து பேர் உபயோகிக்கும் பொது லாகினில் இருந்ததால் யார் எழுதியது என்று உங்களால் சொல்ல முடியவில்லை. அது முறைதான். அறிக்கையின் முதல் பிரதியை, எழுத்துப் பிழை பார்த்துக் கொடுக்கச் சொல்லி, குழுச் செயலாளர் என்று என்னிடமே கொடுத்தீர்கள். நேற்று மதியம் படுத்துக்கொண்டே படித்தேன்.

மூன்றாம் பக்கம், இரண்டாவது பத்தி. 'எப்போதோ வந்துபோன பயிற்சியாளர் யாரோ விட்டுச்சென்ற, பெயர்கூட இல்லாத, அரைகுறையான ஸ்கிரிப்ட். எழுதியவருக்கு சர்வர்களைப் பற்றி அடிப்படை அறிவு இல்லை. பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தியது கவனக்குறைவு.'

கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள், மேடம்.

அது கவனக்குறைவு இல்லை. அந்தக் குறியை நான் வேண்டுமென்றே போட்டேன். நாற்பது நிமிஷத்தை நொடிக்கணக்கில் அளந்து வைத்தேன். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் ஏழு மாசம் ஓடியதிலும், ஒரு நொடி முன்னே பின்னே ஆனதில்லை. ஏழாம் நம்பரை இரண்டாவது தடவை எழுப்பும் அந்த ஆறு வரிகளைப் படித்தீர்களா? பதினொன்றின் பொய்யைப் பிடிக்க நான் போட்டிருக்கும் வழியைப் பார்த்தீர்களா? அடிப்படை அறிவு இல்லாதவன் எழுதுகிற விஷயமா அது? அந்த ஒன்பது நாள் சோதனையில் ஒரு நாளாவது தடுமாறியதா?

ஆகவே, நான்தான் செய்தேன். தினமும் ஒன்று பத்துக்குப் பன்னிரண்டு சர்வர்களையும் படுக்கவைத்தது நான். மேனேஜரின் நல்ல பல் போனது என்னால். மைக்ரோவேவ் மேல் பழியைப் போட்டு, ஒன்பது நாள் பொறுமையாக அதை நிரூபித்து, ஒரு பெண்ணின் வேலையைப் போக்கியதும் நான்தான். அவள் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னதை என் கையெழுத்திலேயே எழுதிவைத்தேன். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு நிரபராதிக்காக இதைச் செய்வதில் எனக்கு நிம்மதிதான்.

நீங்கள் இப்போது ரெக்கார்டரை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். அதையும் பதிவில் சேர்த்துவிடலாம்.

"மைக்ரோவேவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அந்த அம்மாவை உடனே வேலைக்குக் கூப்பிடணும்னு முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேனே. அவங்களுக்கு அதுவே போதும். உங்க மேல யாருக்கும் சந்தேகம்கூட இல்ல. அப்புறம் எதுக்கு சார் வந்தீங்க?"

முதல் பக்கத்தை நான் படிக்கவில்லை, மேடம். ஸ்கிரிப்டைப் பற்றி மூன்றாம் பக்கத்தில்தானே வருகிறது. அங்கிருந்து தொடங்கினேன், அதற்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. அக்கா திரும்ப வருகிறாள் என்றால் ரொம்ப சந்தோஷம்.

நீங்கள் கொடுத்த இந்தப் படிவத்தை நிரப்பிவிட்டேன், பாருங்கள். முதல் கட்டத்தில் குற்றம் செய்தவர் பெயர், எழுதிவிட்டேன். இரண்டாவதில் குற்றத்துக்குப் பயன்பட்டது, 'தாலாட்டு' என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவதில் பாதிக்கப்பட்டவரின் பெயர் கேட்டிருக்கிறார்கள். அதை மட்டும் நீங்களே யாரிடமாவது விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வருஷமாக அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. ஆனால் இரண்டாவது கட்டத்தில் நான் எழுதியிருப்பதைத் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது.